திண்டிவனத்துக் காரம்

என் சித்தியின் அடுப்படியில் எப்போதும் இரண்டு குழம்புச் சட்டிகள் இருக்கும். பெரிய சட்டி வருகிறவர் போகிறவர்களுக்கும் கரும்பு வெட்ட வரும் ஆட்களுக்கும். சின்னச் சட்டி சித்தப்பாவுக்கு. அதில் மிளகாய் கிடையாது, புளி பேருக்குத்தான். கொத்தமல்லி, சீரகம், பூசணிக்காய் எல்லாம் போட்டும் மஞ்சள் கரைத்த வெந்நீர் மாதிரிதான் இருக்கும். சித்தியும் அந்தச் சின்னச் சட்டியிலிருந்துதான் ஊற்றிக்கொள்வார். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு வேறு குழம்பின் வாசனை அடித்தால் நாக்கு ஊறாதா என்பது அவர் சொல்லும் காரணம்.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. விழுப்புரத்தை அடுத்த காணையில் சொந்த நிலத்தில் கரும்பும் நெல்லும் வைக்கிறார். அவருக்கு அல்சர். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் சட்டைப்பையில் ஒரு மாத்திரை அட்டை இருக்கும். டீக்கடையில் டீக்குப் பதில் பால் சொல்வார், கல்யாணப் பந்தியில் ரசம் வந்ததும் எழுந்துவிடுவார். இதற்கான காரணத்தை எங்கள் குடும்பம் என்றைக்கோ முடிவு செய்திருந்தது. சித்தி பிறந்த ஊர் திண்டிவனம். திண்டிவனத்துக்காரர்களுக்குக் காரமான கை. கல்யாணமான புதிதில் அந்தக் கை வைத்த குழம்பில்தான் சித்தப்பாவின் வயிறு புண்ணாகிப்போனது. இதை முதலில் சொன்னவர் என் அத்தை, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவர், அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவர். பிறகு எல்லோரும் சொன்னார்கள். எங்கள் சொந்தத்தில் எந்தப் பண்டம் உறைப்பாக இருந்தாலும் அதற்குப் பெயர் திண்டிவனத்துக் காரம்.

காணைக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் மலையோ கடலோ இல்லை. விழுப்புரத்தில் ஒரு பஸ் மாறினால் போதும். இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே மாதிரி மிளகாயை ஒரே மாதிரி மெஷினில் கொடுத்து அரைத்து வருகிறார்கள். என் அப்பாவுக்குத் திண்டிவனத்தில் வேலை என்பதால் நான் பிறந்து வளர்ந்ததே அங்கேதான். அங்கே தனியாக ஒரு காரத்தை நான் சாப்பிட்டதில்லை. சித்தி எங்கள் வீட்டுக்கு வரும்போது மட்டும் தயிர்சாதத்துக்குப் பச்சை மிளகாயைக் காம்போடு பிடித்துக் கடிப்பார். கண் கலங்கும், மூக்கில் நீர் வரும், முகம் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். ஊருக்குப் போனதும் மறுபடி சின்னச் சட்டி.

ஆடி மாதம் கூழ் ஊற்றும்போதுதான் இந்தப் பழி எல்லோர் கண்ணுக்கும் தெரியும். காணை வீட்டில் கூழுக்குக் கருவாட்டுக் குழம்பு. தெருவே வந்து வாங்கிப் போகும். கேப்பை மாவு கரைப்பது, கீரை ஆய்வது, பாத்திரம் கழுவுவது எல்லாம் சித்தி செய்வார். குழம்பை மட்டும் அத்தை வைப்பார். யாரும் விதியாகச் சொன்னதில்லை. சித்தி அந்த அடுப்புப் பக்கம் போனால் அத்தை கரண்டியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொள்வார், அவ்வளவுதான்.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் விழுப்புரத்தில் ஓர் ஆய்வகத்தில் இருக்கிறேன். திண்டிவனத்திலிருந்து தினமும் ரயில். வயிற்றில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் என்ற பாக்டீரியாவும், அதை எதிர்கொள்ளும் நம் மரபணுக்களும்தான் எங்கள் பாடம். எதையும் வரிசை போட்டு வைத்துக்கொள்வது என் பழக்கம். புதிதாகச் சேர்ந்தபோது இந்தக் கிருமியிடம் வியக்க வேண்டியவை என்று மனதுக்குள் ஒரு வரிசை போட்டேன். இரும்பு ஆணியையே அரித்துவிடக்கூடிய அமிலத்துக்குள் குடியிருக்கிறது. தன்னைச் சுற்றி அம்மோனியாவை உண்டாக்கி, தான் இருக்கும் இடத்தில் மட்டும் அமிலத்தை முறித்துக்கொள்கிறது. திருகாணி போல உடம்பை முறுக்கி வயிற்றின் சளிப்படலத்தைத் துளைத்துப் போகிறது. பெரும்பாலும் சிறு வயதிலேயே வந்துவிடுகிறது, மருந்து கொடுக்காவிட்டால் பெரும்பாலும் கடைசிவரை போவதில்லை. நம் பக்கத்தில் ஏராளமானவர்களுக்கு இது இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் ஒரு தொந்தரவும் இல்லாமல் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். சிலருக்கு மட்டும் புண்ணாகிறது.

அது ஏன் அந்தச் சிலருக்கு மட்டும் என்பதுதான் எங்கள் ஆய்வகத்தின் கேள்வி. சித்தியின் கேள்வியும் அதுதான் என்று வெகுநாள் எனக்குத் தெரியாது.

போன வருஷம் தை மாதம், கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த சமயம், சித்தி எனக்குப் போன் செய்தார். சித்தப்பாவுக்கு மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது, யாரிடமும் சொல்லாதே என்கிறார், நடந்தால் மூச்சு வாங்குகிறது, என்ன செய்யலாம் என்று வரிசையாகச் சொன்னார். என்னைவிட நன்றாக வரிசை போடுகிறவர் அவர் என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். உள்ளே ரத்தம் கசிகிறது, உடனே விழுப்புரத்துக்குக் கூட்டி வாருங்கள் என்றேன். லாரியில் கரும்பு ஏற்றிக்கொண்டிருந்தவரை அப்படியே அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். சித்தப்பாவின் லுங்கியில் கரும்புச் சருகு ஒட்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தம் ஏற்றி, கசிவு நின்றதும் எண்டோஸ்கோப்பி செய்தார்கள். புண் இருந்தது. அதற்குப் பக்கத்திலிருந்து நெல்முனை அளவு சதையைக் கிள்ளி, மஞ்சள் நிற ஜெல் உள்ள சின்ன டப்பியில் போட்டார்கள். கிருமி இருந்தால் அதன் அம்மோனியாவால் ஜெல் நிறம் மாறும். எத்தனையோ டப்பிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் சித்தப்பாவின் டப்பி கண்ணெதிரில் செம்பருத்திச் சாறு விட்டது போல ரோஸாக மாறியபோது கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

டாக்டர் சித்தியிடம் பொறுமையாக விளக்கினார். இது ஒரு கிருமி. ரெண்டு வாரம் மாத்திரை விடாமல் சாப்பிட வேண்டும். பிறகு ஒரு மாதத்துக்கு மேல் விட்டு, கிருமி போய்விட்டதா என்று சோதிக்க வேண்டும். சித்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, காரத்தைப் பற்றிக் கேட்டார். புண் இருக்கும்போது காரம் பட்டால் சிலருக்கு எரியும், ஆனால் காரத்தால் இந்தப் புண் வராது என்றார் டாக்டர். சித்தி, வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்ததும் இதையே அவரிடமும் ஒரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

வெளியே வந்து, வராந்தாவில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றோம். சித்தி முகம் கழுவினார். முந்தானையால் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அப்ப நான் பண்ணல?"

"இல்ல சித்தி."

"நல்லா தெரியுமா பாப்பா? எனக்காகச் சொல்லாத."

உங்களுக்காக இல்லை, ஜெல்லின் நிறத்தை நானே பார்த்தேன் என்றேன். அவர் தலையாட்டினார். அதுவரை, மற்றவர்கள் சொல்வதை அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அவரும் அதை நம்பியிருக்கிறார். தன் கையால்தான் புருஷன் வயிறு வெந்தது என்று நம்பிக்கொண்டேதான் இத்தனை காலம் தினமும் இரண்டு சட்டி வைத்திருக்கிறார். புலம்பவில்லை, சண்டை போடவில்லை, திண்டிவனத்துக்குப் போய் உட்கார்ந்துவிடவும் இல்லை. அந்த வராந்தாவில் எனக்கு அவர் மேல் வந்த மரியாதை இன்றுவரை இறங்கவில்லை.

ஆனால் டாக்டர் சொன்னது சித்திக்கும் எனக்கும் சித்தப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். பழி இருந்த இடம் தெரு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் காணைக்குப் போனேன். சித்தப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். அத்தை கீழே உட்கார்ந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தார். சித்தி கஞ்சிக்கு நொய் புடைத்துக்கொண்டிருந்தார். நான் கிருமியைப் பற்றிச் சொன்னேன். அத்தை குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார், அப்புறம் ஒரே கேள்வியில் என்னை நிறுத்தினார்.

"பூச்சின்னா எல்லாருக்கும்தான வந்திருக்கணும்? நான், உங்கப்பன், இவன், மூணு பேரும் ஒரே பானக் கூழு துன்னுக்கினு வளந்தோம். எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லயே. இவனுக்கு மட்டும் கல்யாணம் ஆனப்புறம் வந்துச்சே, அது இன்னா பூச்சி?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். சித்தி முறத்தை நிறுத்திவிட்டார். அத்தையின் கேள்வியில் பிழை இல்லை. எங்கள் துறையில் எல்லோரும் கேட்பது அதைத்தான், இவ்வளவு தெளிவாகக் கேட்பதில்லை. அதற்குப் பதில் சொல்லாவிட்டால் கிருமி என்பது படித்த பெண் சித்திக்காகக் கட்டிய கதையாகிவிடும்.

உங்களுக்கும் அப்பாவுக்கும்கூட அந்தக் கிருமி இருக்கலாம், இருந்தும் தெரியாமல் இருக்கலாம் என்று ஆரம்பித்தேன். கிருமி வந்தால் அதை அடையாளம் கண்டு சத்தம் கொடுக்க உடம்பில் காவல் இருக்கிறது. அந்தக் காவலை எப்படிச் செய்வது என்று எழுதியிருப்பது மரபணுக்களில். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கும் அந்த எழுத்து அங்கங்கே மாறியிருக்கும். அதனால் ஒருவர் உடம்பு கிருமியைக் கண்டும் அடங்கி இருக்கும், இன்னொருவர் உடம்பு அதைப் பார்த்ததும் கொதித்து எழும். வயிற்றைப் புண்ணாக்குவதில் கிருமிக்கும் பங்கு உண்டு, அந்தக் கொதிப்புக்கும் பங்கு உண்டு. கிருமி சிறு வயதிலேயே வந்திருந்தாலும் புண் தெரிய வருஷங்கள் ஆகும். இந்த இடத்தில் அத்தையின் முகம் பிடிகொடுக்காமல் இருந்ததால், கரும்புத் தோட்டத்துக்கு வந்தேன். பன்றி புகுந்தால் ஒரு காவல்காரன் தகரத்தைத் தட்டுவான். இன்னொருவன் பன்றியை விரட்டுகிறேன் என்று தோட்டத்துக்கே தீ வைப்பான். பன்றி தின்றது கொஞ்சம், தீயில் போனது மிச்சம்.

சித்தப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "நம்ம காவலுக்கு வந்தானே ஒருத்தன், அவன மாதிரி" என்றார்.

"அப்ப உன் வயித்துல இருக்கறவன் கிறுக்கன்" என்றார் அத்தை. சித்தப்பா சிரித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

இது இரண்டும் சேர்ந்த கணக்கு என்றும், கிருமியிலும் சாதுவானது, முரடானது என்று ரகங்கள் உண்டு என்றும், ஓர் எழுத்து மாறியதாலேயே ஒருவருக்குப் புண் வந்தே தீரும் என்று சொல்ல முடியாது என்றும் நான் சேர்த்துக்கொண்டேன். சித்தப்பா தன் ரத்தத்தை எங்கள் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். எங்களிடம் வரும் மாதிரிகளில் எண் மட்டும்தான் இருக்கும், கூட்டத்தைக் கூட்டத்தோடு ஒப்பிடுவோமே தவிர இன்னார் விதி இது என்று சீட்டு எழுதித் தர மாட்டோம் என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அத்தை உரித்த பருப்பை ஒரு கை அள்ளிக் கிண்ணத்தில் போட்டார். சமாதானம் ஆகிவிட்டவர் போலத்தான் அடுத்த கேள்வியைக் கேட்டார். சின்ன வயசில் அது எப்படி உள்ளே போகும்? தண்ணீர், கழுவாத கை, ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்கு என்று நான் வரிசை போட்டேன். அத்தைக்கு அந்தக் காலம் நினைவுக்கு வந்துவிட்டது. குடும்பத்தில் எல்லாக் கல்யாணத்திலும் சொல்லும் கதையை எடுத்தார். அவர் அம்மா நடவுக்குப் போய்விடுவாராம். பல் முளைக்காத தம்பியைப் பார்த்துக்கொள்ள இவர்தானாம்.

"பால் ஏது அப்போ? மல்லாட்டைய நல்லா மென்னு, மாவாக்கி, என் வாயிலருந்து எடுத்து அவன் வாயில வெப்பேன். குருவி குஞ்சுக்கு குடுக்கற மாதிரி. அப்படித்தான் இவன வளத்தேன்."

என் கையில் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. மூன்றாவது விரல், வாயிலிருந்து வாய்க்கு. அந்தக் கதையை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆய்வகத்துக்குப் போனபிறகு கேட்டது அதுதான் முதல் தடவை. வாயைத் திறந்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

"தண்ணிதான் அண்ணி" என்றார் சித்தி. முறத்தை மறுபடி தட்டத் தொடங்கியிருந்தார். "அந்தக் காலத்துல ஏரித் தண்ணியதான குடிச்சீங்க. மாடும் அதுலதான் படுத்துக்கினு இருக்கும். தண்ணியிலதான் வந்திருக்கும். இல்ல பாப்பா?"

தண்ணீரிலும் வரலாம் என்றேன். அது பொய் இல்லை.

சாயங்காலம் என்னை பஸ் ஏற்றிவிட சித்தி ரோடு வரை வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. நான் சொல்ல நினைத்தது உங்களுக்குப் புரிந்துதானே தண்ணீர் என்றீர்கள் என்று கேட்டேன். புரியாமல் என்ன என்றார். இத்தனை வருஷம் உங்களைச் சொன்னவருக்கு ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லக்கூடாதா என்றேன். சித்தி பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க கிட்ட இருந்துதான் வந்துச்சுன்னு உன்னால அடிச்சுச் சொல்ல முடியுமா?"

முடியாது. அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம், தண்ணீரிலிருந்து வந்திருக்கலாம், தெருவில் கூட விளையாடிய பிள்ளையிடமிருந்து வந்திருக்கலாம். எந்தக் கருவியிலும் இப்போது அதைப் பார்க்க முடியாது.

"அப்ப வுடு. தெரியாம ஒருத்தர் தலையில போட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். மென்னு ஊட்டினத நெனச்சுதான் அவங்க பெருமையா இருக்காங்க. அத ஏன் புடுங்கணும்?"

பஸ் வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, சித்தியிடம் நான் மதிப்பவை என்று ஒரு வரிசை போட ஆரம்பித்தேன். ஊகத்தையும் நிரூபணத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிகிறது என்பது முதலாவது. அதை எனக்குக் கற்றுக்கொடுக்கப் பல்கலைக்கழகம் சில வருஷங்கள் எடுத்துக்கொண்டது, அன்று மத்தியானம் அதுவும் போதவில்லை. இரண்டாவதற்குச் சரியான சொல் கிடைப்பதற்குள் விழுப்புரம் வந்துவிட்டது.

மாத்திரைகள் சித்தப்பாவைப் படுத்தி எடுத்தன. வாயில் சதா துருப்பிடித்த ஆணியைச் சப்புகிற மாதிரி இருக்கிறது, பேஜாராக இருக்கிறது, புண்ணே தேவலாம் என்று எனக்குப் போன் செய்து சொன்னார். பாதியில் நிறுத்தினால் மருந்துக்கு மசியாத கிருமிதான் மிஞ்சும் என்று நான் பயமுறுத்தினேன். அவரைச் சாப்பிட வைத்தது நான் இல்லை. ஒவ்வொரு வேளையும் சித்தி சொம்போடு எதிரில் போய் நிற்பாராம். ஒரு வார்த்தை பேச மாட்டாராம். மாத்திரை தொண்டையில் இறங்கும்வரை நகரவும் மாட்டாராம். "போலீஸ்காரன்கூட கண்ண சிமிட்டுவான்" என்றார் சித்தப்பா.

அந்தச் சொம்பில் இருந்தது சித்தியின் பெயரும்தான். கிருமி போகாவிட்டால், பார்த்தாயா, பூச்சி மருந்து கொடுத்தும் சரியாகவில்லை, அது திண்டிவனத்துக் காரம்தான் என்று தெரு சொல்லும். சொல்லிவைத்த இடைவெளிக்குப் பிறகு, பங்குனிக் கடைசியில் மறுசோதனை நடந்தது. முடிவை நான்தான் போய் வாங்கினேன். கிருமி இல்லை. போனில் சொன்னபோது சித்தி, சரி பாப்பா, சாப்பிட்டியா என்று கேட்டார்.

அத்தைக்குச் செய்தி போனது. ஆடியில் கூழ் ஊற்றும் நாளன்று காலையில், கேப்பை மாவு கரைத்துக்கொண்டிருந்த சித்தியிடம் வந்து, முட்டி வலிக்கிறது, அடுப்பாண்டை நிற்க முடியாது, கொழம்ப நீ வை என்றார். அதற்கு முந்தின நாள்தான் அத்தை கோயில் குளத்துப் படி முழுக்க இறங்கி ஏறியதை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். கரண்டி கைமாறியது.

சித்தி கருவாட்டைக் கழுவினார். கத்திரிக்காய், மாங்காய், மொச்சை போட்டார். மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்தார். கை ஒரு நிமிஷம் டப்பாவுக்கும் சட்டிக்கும் நடுவில் நின்றது. போட்டார். இன்னும் கொஞ்சம் போட்டார். என் கண்ணுக்கு அது நிறையத்தான் தெரிந்தது. ஆனால் அவ்வளவு பெரிய சட்டி.

அத்தை முதல் ஆளாகக் கிண்ணத்தில் வாங்கி, ஒரு வாய் உறிஞ்சினார். எல்லோரும் அவரைத்தான் பார்த்தோம். இன்னொரு வாய் உறிஞ்சினார்.

"காரம் பத்தல" என்றார்.

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஆட்களுக்கு வைக்கும் பெரிய சட்டியில்கூட சித்தி பயந்து பயந்துதான் தூள் போட்டு வந்தார் என்பது எனக்கு அந்த நேரத்தில்தான் உறைத்தது. காரத்துக்குப் பேர் போன அந்தக் கைக்குக் காரத்தின் அளவே மறந்திருந்தது. சித்தி முகம் மாறுமோ என்று பார்த்தேன். அவர் சட்டியைக் கிளறிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்.

"திண்டிவனத்துல இவ்ளோதான் அண்ணி."

அத்தை காலிக் கிண்ணத்தை நீட்டினார். சித்தி ஊற்றினார். அதற்குள் சித்தப்பாவும் தன் கிண்ணத்தோடு வந்து அத்தைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

இதை எழுதலாமா என்று சித்தியிடம் போனில் கேட்டேன். அத்தை படித்துவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டேன். அண்ணி படிப்பது நாள்காட்டி மட்டும்தான், எழுதிக்கொள் என்றார். பின்னால் தாளிக்கும் சத்தம் கேட்டது. எந்தச் சட்டி என்று கேட்டேன். இப்போது ஒன்றுதான் என்றார்.